முகத்தில் ஐஸ் வைப்பது எப்படி: மணப்பெண் அறையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

வைகாசி முகூர்த்தம் என்றால் எங்கள் ஊரில் பாதிக் கல்யாணம் விடியும் முன்பே தொடங்கிவிடும். ஆறு மணி முகூர்த்தத்துக்கு நான் மூன்றரைக்கே மண்டபத்தில் மணப்பெண் அறைக் கதவைத் தட்ட வேண்டும். கதவைத் திறக்கும் பெண்ணின் முகத்திலேயே முந்தின நாள் கதை முழுக்க எழுதியிருக்கும். மாலையில் ரிசப்ஷன், ராத்திரி பதினொன்றுக்கு ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பாடு, மாமன் மகள்களோடு ஒரு மணி வரை அரட்டை, நடுவில் அம்மாவைப் பார்த்து ஒரு பாட்டம் அழுகை. இமை இரண்டும் பூரி மாதிரி உப்பியிருக்கும். அதன் மேல் எந்த மேக்கப்பும் உட்காராது. அப்போது என் பையிலிருந்து முதலில் வெளியே வருவது ஃபவுண்டேஷன் டப்பா கிடையாது, ஒரு சின்னத் தெர்மாஸில் இருக்கும் ஐஸ்.

மதுரையில் 16 வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் ஐஸை முகத்தில் எப்படி வைக்க வேண்டும், எப்படி வைக்கக் கூடாது என்பதை அடுத்தவர் முகத்திலும், ஒரு தடவை என் சொந்தக் கன்னத்திலும் பார்த்துத் தெரிந்துகொண்டேன். இப்போது ரீல்ஸ் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள், “அக்கா, தினமும் ஐஸ் தேய்ச்சா முகம் கண்ணாடி மாதிரி ஆயிருமாமே?” ஆகாது. ஆனாலும் ஐஸுக்கு ஒரு வேலை இருக்கிறது, அதை ஒழுங்காகச் செய்யும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

ஐஸ் உண்மையில் என்ன செய்கிறது

குளிர் பட்டதும் தோலுக்கு அடியில் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அந்த இடத்துக்கு வரும் ரத்தம் குறைகிறது, குழாயிலிருந்து நீர் கசிவதும் குறைகிறது. அதனால் வீக்கம் கொஞ்சம் வடியும், சிவப்பு மங்கும், வலி மரத்துப்போகும். ஐஸை எடுத்த பிறகு குழாய்கள் மறுபடி விரிந்து ரத்தம் திரும்பி வரும். எல்லாரும் ‘க்ளோ’ என்று கொண்டாடும் அந்த இளஞ்சிவப்பு இதுதான். கொஞ்ச நேரத்தில் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரம் மணப்பெண்ணுக்குப் போதும். தினசரி வாழ்க்கையில் அதை நம்பிக் கடை போட முடியாது.

ரோமத் துவாரம் சுருங்கும் என்பது பாதி உண்மை. துவாரத்துக்குத் திறந்து மூடுகிற கதவு எதுவும் கிடையாது. குளிரில் சுற்றியுள்ள தோல் இறுகுவதால் சிறிதாகத் தெரியும், சூடு திரும்பியதும் பழையபடி ஆகிவிடும். துவாரம் பெரிதாகத் தெரிவதற்குப் பிறவிவாகும், எண்ணெய்ச் சுரப்பும், வயதும்தான் காரணம். பருவை உண்டாக்கும் கிருமியை ஐஸ் கொல்லாது. மங்கு போகாது. நிறம் மாறாது. கருவளையத்தில் மூன்று விதம் உண்டு. தோலே கறுத்திருப்பது ஒன்று, கண்ணுக்குக் கீழே குழி விழுந்து நிழல் தெரிவது ஒன்று, மெல்லிய தோல் வழியாக ரத்த நாளம் தெரிவது ஒன்று. முதல் இரண்டுக்கும் ஐஸால் ஒரு பயனும் இல்லை. மூன்றாவதும் வீக்கமும் மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அடங்கினாற்போல் இருக்கும்.

“ஃப்ரிட்ஜ் தண்ணியும் குளிர்தானே, அதைத் தெளிச்சா ஆகாதா?” என்றும் கேட்பார்கள். ஆகும், பல பேருக்கு அதுவே போதும். ஆனால் இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடாவதற்கு 30 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் (சாப்பாட்டுக் கணக்கில் சொல்லும் கலோரி அல்ல, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு கிராம் ஐஸ் வெறுமனே உருகித் தண்ணீராவதற்கே 80 கலோரி வேண்டும். அதில் பெரும் பங்கை உங்கள் கன்னத்திலிருந்துதான் உறிஞ்சும். ஐஸ் சீக்கிரம் வேலை செய்வதும் அதனால்தான், சீக்கிரம் சுட்டுவிடுவதும் அதனால்தான்.

இதைப் ‘பாட்டி காலத்து ரகசியம்’ என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். என் அப்பத்தா ஐஸைத் தொட்டதே கல்யாண வீட்டு சர்பத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐஸ் அமெரிக்காவிலிருந்து கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கியது. மெரினாவில் இன்றைக்கு விவேகானந்தர் இல்லம் என்று இருக்கும் கட்டடம் அந்த ஐஸைச் சேமித்து வைக்கக் கட்டிய ஐஸ் ஹவுஸ். அப்பத்தா வைத்தியம் என்றால் அது வேர்க்குருவுக்கு நுங்குத் தண்ணீர் தடவுவது. அக்னி நட்சத்திரத்தில் நுங்கு சீவிக் கொடுத்ததும் சாப்பிடும் முன்பே அந்தத் தண்ணீரை எங்கள் கழுத்தில் பூசிவிடுவார். அந்தச் சில்லிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

என் கன்னம் சுட்ட கதை

தம்பி கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் வலது கன்னத்தில் ஒரு பரு. பார்லர்காரி முகத்தில் பருவா என்ற வீறாப்பில், ஃப்ரீசரிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே வைத்து அழுத்திக்கொண்டு சீரியல் பார்க்க உட்கார்ந்தேன். முதலில் கடுத்தது, அப்புறம் எரிந்தது, அப்புறம் ஒன்றுமே தெரியவில்லை. ஒன்றும் தெரியாததைச் சுகம் என்று நினைத்துக்கொண்டேன். விளம்பரம் வந்தபோது எடுத்தால் அந்த இடம் வெளுத்து மெழுகு மாதிரி இருந்தது. மறுநாள் சின்னக் கொப்புளம். பரு ஒரு வாரத்தில் போயிருக்கும். கொப்புளம் ஆறி விட்டுப்போன கறுப்புத் தழும்பு மூன்று மாதம் இருந்தது. கல்யாண ஆல்பம் முழுக்க நான் இடது பக்கமாகவே நிற்கிறேன்.

இது மாநிறத்துக்கும் கறுப்பு நிறத்துக்கும் முக்கியமான விஷயம். நம் தோலில் நிறமி அதிகம். எந்தக் காயம் பட்டாலும், அது சூட்டுக் காயமோ குளிர்க் காயமோ, ஆறும்போது கறுப்பு விட்டுவிட்டுத்தான் போகும். வெளிநாட்டு வீடியோவில் வெள்ளைக்காரப் பெண் ஐஸைத் தேய்த்துவிட்டுச் சிரிப்பதைப் பார்த்து நாம் அப்படியே செய்தால், அவருக்குச் சிவந்து மறைவது நமக்குக் கறுத்துத் தங்கும்.

யார் தொடவே கூடாது

கட்டியை எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். குளிர்ந்த காற்றோ தண்ணீரோ பட்டால் தடிப்புத் தடிப்பாக எழும்பும் அலர்ஜி உள்ளவர்கள், குளிரில் விரல் நுனி வெளுத்து நீலம் பாய்கிறவர்கள், முக நரம்பு வலி உள்ளவர்கள் ஐஸ் பக்கமே போக வேண்டாம். கன்னமும் மூக்கும் எப்போதும் சிவந்து மெல்லிய ரத்த நாளங்கள் தெரிகிறவர்களும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களும் அப்படியே. உணர்ச்சி இல்லாத இடத்தில் ‘எரிகிறது, எடு’ என்று எச்சரிக்க யாரும் இருக்க மாட்டார்கள். லேசர், பீலிங் மாதிரி ஏதாவது செய்திருந்தால், செய்த டாக்டர் சொல்லும்வரை வேண்டாம். சைனஸ், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் நெற்றியையும் மூக்கையும் விட்டுவிடுங்கள். சிலருக்கு நெற்றியில் குளிர் வைத்தால் தலைவலி அடங்கும், சிலருக்கு அதுவே கிளப்பிவிடும்.

குழந்தைகள் கன்னத்துக்கு ஐஸ் வேண்டவே வேண்டாம். அவர்கள் கன்னக் கொழுப்பு குளிரில் இறுகி, இரண்டொரு நாளில் சிவந்த கட்டியாகத் தெரியும். ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்குக்கூட இப்படி வருவதுண்டு.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய ‘வெள்ளையாக்கும்’ க்ரீமை மாதக்கணக்கில் பூசியவர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலிந்து, வெயில் பட்டாலே எரியும், க்ரீமை நிறுத்தினால் முகம் செக்கச்செவேல் என்று ஆகும். அந்த எரிச்சலுக்கு ஐஸ் இதமாக இருக்கும் என்பதுதான் ஆபத்து. இதமாக இருப்பதால் ஐஸிலேயே நாளைக் கடத்துவார்கள். அவர்களை நான் நாற்காலியில் உட்கார வைப்பதே இல்லை. பெரியாஸ்பத்திரியில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் சீட்டுப் போடுங்கள் என்று அனுப்பிவிடுவேன்.

படி 1: முதலில் கையில் பாருங்கள்

முகத்துக்குப் போகும் முன் முழங்கைக்குக் கீழே உள்பக்கத்தில், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையில் போட்ட ஐஸை 5 நிமிடம் வையுங்கள். எடுத்துவிட்டு 10 நிமிடம் காத்திருங்கள். வெறும் சிவப்பு வந்து மறைந்தால் பிரச்சினை இல்லை. கட்டியின் வடிவத்திலேயே தடிப்பு எழும்பி அரித்தால் உங்களுக்குக் குளிர் அலர்ஜி இருக்கிறது, இந்த வழிகாட்டியை இங்கேயே மூடிவிடலாம். குளிர்ந்த தண்ணீரில் குளித்து எப்போதாவது மூச்சு முட்டியிருந்தால், மயங்கியிருந்தால், இந்தச் சோதனையை வீட்டில் செய்யாதீர்கள்.

படி 2: ஐஸ் உறைய வைப்பது

எந்தத் தண்ணீர் என்பதிலேயே எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு, கார்ப்பரேஷன் தண்ணீர் எப்போது வரும் என்பது வேறு கதை. கணக்கு எளிது. நீங்கள் குடிக்கும் தண்ணீர் எதுவோ அதுவேதான் முகத்துக்கும். கேன் தண்ணீரோ, காய்ச்சி ஆற வைத்ததோ சரிதான். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பல கிருமிகள் ஐஸுக்குள் சுகமாகத் தூங்கும், உருகியதும் எழுந்துகொள்ளும்.

ஐஸ் ஃபேக்டரிப் பாளத்தை உடைத்து முகத்தில் வைக்காதீர்கள். உமியும் மரத்தூளும் தூவிச் சாக்கில் சுற்றி, மீன் பெட்டிக்கும் போகிற பாளம் அது. மண்டபத்தில் சர்பத்துக்கு என்று வந்து இறங்கும் பாளத்திலிருந்து ஒரு துண்டு உடைத்து நீட்டும் மாமாக்கள் எல்லாக் கல்யாணத்திலும் உண்டு. அன்பாக மறுத்துவிடுங்கள்.

ட்ரேயில் வரும் சதுரக் கட்டிக்கு முனைகள் கூர்மையாக இருக்கும், தோலைக் கீறும். நான் சந்தனக் கிண்ணத்தில் உறைய வைப்பேன். கல்யாண வீட்டுத் தாம்பூலத்தில் வரும் சின்ன எவர்சில்வர் கிண்ணங்கள் எல்லார் வீட்டிலும் பத்தாவது இருக்கும். அதில் உறைந்தது உருண்டையாக, கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும்படி வரும். மூடி போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் ஃப்ரீசரில் பக்கத்தில் இருக்கும் அயிரை மீன் வாசம் உங்கள் முகத்துக்கு வந்துவிடும். மூன்று நாளைக்கு ஒரு முறை புதிதாகப் போடுங்கள். கரண்ட் போய் உருகி மறுபடி உறைந்ததைக் கொட்டிவிடுங்கள்.

படி 3: துணி

இந்த வேலையில் பாதி துணியில்தான் இருக்கிறது. பஞ்சு மாதிரி ஆகிவிட்ட பழைய வேட்டித் துணிக்கு இணையாக எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் அப்பாவின் நான்கு முழ வேட்டி ஒன்று கிழிந்து கிழிந்து எனக்கு ஆறு வருடம் வந்தது. பழைய சுங்குடிச் சேலையை வெட்டலாமா என்று கேட்கிறார்கள். மென்மையான பருத்திதான். ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்குமா என்று வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டு எடுங்கள். ஒரு பெண் மஞ்சள் கன்னத்தோடு வந்து நின்றாள், மஞ்சள் பூசியிருக்கிறாள் என்று நினைத்தேன், சேலைச் சாயம். டர்க்கி டவல் தடிமனாக இருப்பதால் குளிர் சரியாக இறங்காது, சொரசொரப்பு வேறு.

துணியை ஒரு சுற்று மட்டும் சுற்றினால் போதும். ஒரு முறை சுற்றிய துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைக்காமல் மறுபடி எடுக்காதீர்கள். ஈரத் துணியைக் குளியலறைக் கொடியிலேயே போட்டு மறுநாளும் அதையே வைத்தால் பருவுக்கு நீங்களே பத்திரிகை வைத்து அழைத்த மாதிரி.

படி 4: முகத்தைத் தயார் செய்வது

மைல்டான ஃபேஸ்வாஷ், சாதாரணத் தண்ணீர். சோப்புப் போட்டுத் தேய்த்து, ஸ்க்ரப் போட்டு உரசி, அதன் மேல் ஐஸ் வைப்பது எரிகிற வீட்டில் கூரையைப் பிரிக்கிற வேலை. வெயிலில் அலைந்துவிட்டு வந்த உடனேயும் வேண்டாம். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, ஐந்து மணி நேரம் வெயிலில் நின்று முகம் கன்றிப்போய் வருவார்கள். அப்போது முதலில் நிழல், நீர்மோர், சாதாரணத் தண்ணீரில் முகம் கழுவுதல். பிறகு ஈரத் துணி ஒத்தடம். வெயிலில் வெந்த தோலில் நேரடி ஐஸ் வைத்தால் காயத்தின் மேல் காயம். தலை சுற்றி, குழறிப் பேசி, உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது தோல் பிரச்சினையே இல்லை, உடனே ஆஸ்பத்திரி.

படி 5: ஐஸ் வைப்பது

ஃப்ரீசருக்குள் ஐஸ் 0 டிகிரியில் இருக்காது. வீட்டு ஃப்ரீசர் −18 டிகிரி வரை போகும். எடுத்த உடனே கட்டி வெள்ளையாகப் புகை பூத்துக் காய்ந்திருக்கும், விரலில் ஒட்டும். ஒட்டுகிறது என்றால் அது முகத்துக்கு இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். ஒரு கிண்ணத்தில் போட்டு இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள், அல்லது குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி காட்டுங்கள். மேற்பரப்பு பளபளவென்று ஈரமாகி, வழுக்க வேண்டும். நான் சுட்டுக்கொண்ட கட்டி இந்த இரண்டு நிமிடம் காத்திருக்காத கட்டி.

துணியில் சுற்றிய கட்டியைத் தாடையிலிருந்து தொடங்கிக் காது நோக்கி, கன்னத்திலிருந்து நெற்றியோரப் பொட்டு நோக்கி, மெதுவாக வட்டம் போட்டுக்கொண்டே நகர்த்துங்கள். அழுத்தவே வேண்டாம், கட்டியின் கனமே போதும். ஓரிடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மொத்தம் மூன்று நிமிடம், முதல் வாரம் அதுவும் வேண்டாம், ஒரு நிமிடம். செல்போனில் அலாரம் வையுங்கள். மனசுக்குள் எண்ணுவதை நம்பாதீர்கள், குளிரில் எல்லாரும் மெதுவாக எண்ணுகிறார்கள்.

சில்லென்று இருப்பதும் லேசாகக் கடுப்பதும் இயல்பு. குத்தினாலோ, எரிந்தாலோ, மரத்துப்போனாலோ உடனே எடுங்கள். தோல் வெளுத்து மெழுகு மாதிரித் தெரிந்தால் அன்றைக்கு அதோடு சரி. உள்ளங்கையை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கி மேலே பொத்திக்கொள்ளுங்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள், மரத்த தோலுக்குச் சூடும் தெரியாது.

கண்ணுக்கு மட்டும் வேறு முறை. இமைத் தோல் முகத்திலேயே மெல்லியது, அதில் ஐஸ்கட்டி வைக்கவே கூடாது. ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் ஐஸும் போட்டு, அதில் துணியை நனைத்து, சொட்டாமல் பிழிந்து, மூடிய கண்கள் மேல் ஒரு நிமிடம் போடுங்கள். எடுத்து அரை நிமிடம் விட்டு மறுபடி. மூன்று தடவை. ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்த எவர்சில்வர் ஸ்பூனின் முதுகும் நல்ல வேலை செய்யும். ஃப்ரீசரில் வைத்த ஸ்பூன் வேண்டாம், உலோகம் ஐஸைவிட வேகமாகச் சூட்டைப் பிடுங்கும். மணப்பெண்ணை இதற்காகப் படுக்க வைக்க மாட்டேன், நிமிர்ந்து உட்கார வைப்பேன். ராத்திரி படுத்திருக்கும்போது கண்ணைச் சுற்றித் தேங்கிய நீர்தான் அந்த வீக்கம். உட்கார்ந்தாலே அது கீழே இறங்கத் தொடங்கும், குளிர் அதைக் கொஞ்சம் விரட்டுகிறது. பாதிப் பலன் ஐஸுக்கு, பாதி நாற்காலிக்கு.

படி 6: எடுத்த பிறகு

ஈரத்தை ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். முகம் சாதாரணச் சூட்டுக்கு வர ஐந்து, பத்து நிமிடம் ஆகும். அதற்குள் மாய்ஸ்சரைசர் போடுங்கள். ஈரம் அப்படியே காய்ந்தால் தோல் இழுத்துப் பிடிக்கும். காலை நேரம் என்றால் அதன் மேல் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன். ரெட்டினால், ஆசிட் சீரம் எல்லாம் ஐஸ் வைத்த வேளையில் வேண்டாம், இன்னொரு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மேக்கப் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐஸ் வைத்த உடனே பேஸ் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். குளிர்ந்த தோலில் காற்றின் ஈரம் படிந்துகொண்டே இருக்கும், நம் மண்டபங்களில் அந்த ஈரத்துக்குக் குறைச்சல் இல்லை. நான் கண்ணுக்கும் கன்னத்துக்கும் ஐஸ் வைத்துவிட்டுத் தலைக்குப் போய்விடுவேன். ஜடை போட்டு மல்லிகை வைத்து முடிப்பதற்குள் முகம் தயாராகியிருக்கும். ஐஸ் வைத்தால் மேக்கப் வேர்க்காது என்பதும் அரை மணி நேரக் கதைதான். ஹோமப் புகைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு எந்த ஐஸும் காப்பாற்றாது.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? வாரம் இரண்டு மூன்று தடவை போதும். தினமும் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் ஐஸை விட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் தண்ணீரில் முகம் கழுவுங்கள்.

பருவுக்கு

சின்னச் சின்னக் கரும்புள்ளி, வெண்புள்ளிக்கு ஐஸ் எதுவும் செய்யாது. உள்ளுக்குள் கட்டி மாதிரி உருண்டு தொட்டால் உயிர் போகிற பரு வரும் பாருங்கள், அதற்குத்தான் ஐஸ் உதவும். வலியும் வீக்கமும் குறையும். துணியில் சுற்றிய ஐஸை 5 முதல் 10 நிமிடம் வைத்து, 10 நிமிடம் இடைவெளி விட்டு, இன்னும் இரண்டு தடவை வைக்கலாம் என்று அமெரிக்கத் தோல் மருத்துவ அகாடமி சொல்கிறது. என் கன்னத்துக் கதைக்குப் பிறகு நான் இரட்டையாக மடித்த துணியில் மூன்று நிமிடம், அதிகம் போனால் ஐந்து என்று நிறுத்திக்கொள்கிறேன். நடுவில் ஒவ்வொரு நிமிடமும் தூக்கி நிறத்தைப் பார்ப்பேன். முகம் முழுக்க ஐஸ் நகரும்போது ஒரு சுற்றுத் துணி, ஓரிடத்தில் நிற்கும்போது இரண்டு சுற்று. இந்த ஒரு கணக்கை மறக்காதீர்கள். வைத்து முடித்து மரத்த நிலையில் இருக்கும் பருவைக் கிள்ளிவிடலாம் என்று கை போகும். போக விடாதீர்கள்.

த்ரெட்டிங்குக்கும் ஷேவிங்குக்கும்

புருவம் எடுத்தபின் சிவந்து எரியும் இடத்தில் துணி சுற்றிய ஐஸை அரை நிமிடம் நகர்த்தினால் போதும். ஷேவிங் முடிந்த கன்னத்துக்கும் அதே அளவுதான். சலூனில் அண்ணன்மார் முகத்தில் தேய்க்கும் கண்ணாடிக் கல்லை ஐஸ் என்று என் தங்கை மகன் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தான். அது படிகாரம். வெட்டுக் காயத்தில் ரத்தத்தை நிறுத்தும், எல்லார் முகத்திலும் அதே கல் போவதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

கிண்ணத்தில் முகத்தை முக்குவது

ரீல்ஸில் இதுதான் இப்போது பிரபலம். பெரிய பாத்திரத்தில் ஐஸ் தண்ணீர், அதில் முகத்தை முக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வது. மூச்சைப் பிடித்து முகம் குளிர்ந்த நீருக்குள் போனதும் உடம்பு தானாகவே இதயத் துடிப்பைக் குறைக்கும். நீருக்குள் மூழ்கும் விலங்குகளுக்கும் நமக்கும் பொதுவான இயல்பு இது. இளவயதில் ஆரோக்கியமாக இருப்பவருக்கு ஒன்றும் ஆகாது. இதயக் கோளாறு உள்ளவர்கள், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அடிக்கடி மயக்கம் வருகிறவர்கள் செய்யக் கூடாது. மற்றவர்கள் செய்வதானால் பாத்திரம் முழுக்க ஐஸைக் கொட்டாமல் தண்ணீருக்கு ஏழெட்டுக் கட்டி, ஒரு தடவைக்கு 10 விநாடி, மூன்று தடவை. காதில் தண்ணீர் போகாத அளவுக்கு. எனக்கு இதில் பெரிய நன்மை தெரியவில்லை, பாத்ரூம் தரை முழுக்க ஈரமாவதுதான் மிச்சம்.

ஐஸில் எதையெல்லாம் கலக்கலாம்

வெள்ளரிக்காய்ச் சாறு கலக்கலாம், தோலுக்குக் கெடுதல் இல்லை. வெறும் தண்ணீர் ஐஸைவிட அதிகமாக எதையும் செய்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கற்றாழை என்றால் மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவி, உள்ளே இருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். அந்தப் பால் அரிக்கும். பன்னீர் என்று வாசத்துக்காக எஸன்ஸ் கலந்து விற்பதும் உண்டு, அது வேண்டாம். பால், காபித்தூள், தயிர் கலந்த ஐஸ் எல்லாம் சீக்கிரம் கெடும், துவாரத்தில் அடைக்கும், சிந்தினால் எறும்பு வரும்.

எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சைச் சாறு பட்ட தோல் வெயிலில் போனால் புண்ணாகி, பிறகு கோடு கோடாகக் கறுக்கும். ஐஸ் உருகிக் கன்னத்தில் வழிந்த தடம் அப்படியே கறுப்பாக நிற்கும். மதுரை வெயிலில் இதற்கு ரொம்ப நேரம் தேவைப்படாது. முகம் வெளுக்க என்று எலுமிச்சை ஐஸ் தேய்த்துவிட்டுக் காலேஜ் பஸ்ஸுக்கு நின்ற பெண்ணை எனக்குத் தெரியும். வெளுக்க ஆசைப்பட்டது கறுத்து, கழுத்து வரை இறங்கியிருந்தது.

சூட்டுக் காயத்துக்கு ஐஸ் இல்லை

இதைத் தலைப்புப் போட்டே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லா அடுப்படியிலும் இந்தத் தப்பு நடக்கிறது. வடை சுடும்போது எண்ணெய் தெறித்தால் ஓடிப்போய் ஐஸை எடுக்கிறோம். கூடாது. வெந்த தோலை ஐஸ் இன்னும் புண்ணாக்கும். குழாயைத் திறந்து, சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மாவு, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். முகத்தில் கொப்புளம் கிளம்பினால், கண் பக்கம் பட்டிருந்தால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

ஐஸால் சுட்டுக்கொண்டால் என்ன செய்வது என்று சொல்லாமல் விட முடியாது. தேய்க்காமல், கைச்சூட்டில் மெதுவாகச் சூடேற்றுங்கள். சிவப்பு ஒரு நாளில் மறைந்தால் வாஸ்லின் பூசிக்கொண்டு வெயிலைத் தவிர்த்தால் போதும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கறுப்புத் தழும்பு விழுந்தால் அதைப் போக்க எந்த வீட்டு வைத்தியத்திலும் இறங்காதீர்கள். சன்ஸ்க்ரீன் போட்டுக்கொண்டு காத்திருந்தால் பெரும்பாலும் தானாக மங்கும். எனக்கு மூன்று மாதம் ஆனது என்று சொன்னேனே, அதில் ஒரு மாதம் நான் அதை உரசி உரசி நீட்டியது.

கடைசியாக அந்தத் தெர்மாஸ். அகல வாய் உள்ளதாக அரை லிட்டர் போதும், முதல் நாளே ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர வைத்தால் ஐஸ் ஐந்தாறு மணி நேரம் நிற்கும். துணி நான்கு எடுத்துப் போவேன், மணப்பெண்ணுக்கு இரண்டு. மிச்சம் இரண்டு எதற்கு என்றால், பெண்ணின் கண் வடிந்ததைப் பார்த்ததும் அவளுடைய அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “எனக்கும் கொஞ்சம் வச்சு விடும்மா, ராத்திரி பூரா தூங்கல” என்று மெதுவாகக் கேட்பார்.